ஈரத்துணி கேட்ட அம்பாசிடர்

என் சித்தப்பா ஒரு வெள்ளை அம்பாசிடர் வைத்திருந்தார். எங்கள் ஊர் ரிஷிவந்தியத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, நடுராத்திரியில் பிரசவ வலியோ, முதலில் தட்டப்படுவது எங்கள் வீட்டுக் கதவுதான். தியாகதுருகம் சாலையில் அந்த வண்டி ராஜா மாதிரி போகும். கல்வராயன் மலைக்குப் போகச் சொன்னால் மட்டும் அடம்பிடிக்கும்.

ஒரு சித்திரை மாதம் வெள்ளிமலைக்குச் சவாரி. நானும் தொற்றிக்கொண்டேன். கச்சிராயபாளையம் வரை ஒரு குறையும் இல்லை. மலைப்பாதையில் நாலைந்து வளைவு ஏறியதும் வண்டி விக்கியது. பிறகு இருமியது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு நின்றேவிட்டது. சித்தப்பா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. பானெட்டைத் தூக்கிவிட்டார். தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். இன்ஜினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்த, ஒரு கைக்குள் அடங்கும் உலோகச் சாமானின் மேல் அதைப் போர்த்தினார். வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். சாவியைத் திருப்பினார். கிளம்பிவிட்டது!

"காய்ச்சலுக்கு ஈரத்துணி போடற மாதிரியா சித்தப்பா?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அடுத்த வாரம் வண்டி பட்டறைக்குப் போனபோது நானும் போனேன். மெக்கானிக் அண்ணன் இன்ஜின் மேலிருந்து இரண்டு கையால் தூக்குகிற அளவில் ஒரு சாமானைக் கழற்றி, பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்தார். "இதான்டா தம்பி கார்ப்பரேட்டர். வண்டிக்கு மூக்கும் இதான், வாயும் இதான்" என்றார். அந்தச் செய்தித்தாளின் மேல் நான் பார்த்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன். ஈரத்துணிக்குக் கடைசியில் வருவோம்.

பெட்ரோலைத் தனியாக எரிக்க முடியாது. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் வேண்டும். அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. இட்லிக்கு அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்று அம்மா ஒரு கணக்கு வைத்திருப்பார் அல்லவா? இன்ஜினுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று. எடையில் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. காற்று லேசான பொருள் ஆயிற்றே, அளவில் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கு மேல் காற்று! பெட்ரோல் பங்க்கில் ஒரு லிட்டர் போடும்போதெல்லாம் ஒரு சின்ன அறை நிறையக் காற்றையும் காசில்லாமல் வாங்கிக்கொண்டு வருகிறோம்.

காற்று கூடிப்போனால் இன்ஜின் சோர்ந்துபோய் 'மிஸ்ஸிங்' அடிக்கும். பெட்ரோல் கூடிப்போனால் பாதி எரியாமல் கரும்புகையாக வெளியே வரும். அது மட்டுமல்ல, திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. ஆகவே பெட்ரோலைப் பனிபோலப் பொடித்து, காற்றில் கலந்து, சரியான அளவில் அனுப்ப ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கார்ப்பரேட்டர். அதற்குக் கம்ப்யூட்டரும் கிடையாது, மின்சாரமும் தேவையில்லை.

முதல் கார்களில் இந்த வேலை ரொம்ப எளிமையாக நடந்தது. ஒரு பாத்திரத்தில் எரிபொருள் இருக்கும், காற்று அதை உரசிக்கொண்டு போகும், வழியில் கிடைத்த ஆவியை அள்ளிக்கொள்ளும். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில், தன் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனார். கணவரிடம் சொல்லாமல்! பையன்களுக்கு உங்கள் வயதுதான் இருக்கும். அப்போது உலகத்தில் பெட்ரோல் பங்க் என்று ஒன்று இல்லை. வழியில் ஒரு மருந்துக்கடையில், துணியில் கறை எடுக்கும் திரவம் ஒன்றை வாங்கி ஊற்றிக்கொண்டார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியை உருவி, அடைப்பைக் குத்தி எடுத்தார். அடைப்பெடுக்கும் மெக்கானிக்குகளின் பாட்டி என்று அவரைச் சொல்லலாம்.

ஐந்து வருஷம் கழித்து, 1893இல், இந்த வேலைக்குப் புது வழி பிறந்தது. ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்ற இருவரும், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மாய்பாக்கும் பெட்ரோலைப் 'பீச்சுகிற' கார்ப்பரேட்டரைக் கொண்டுவந்தார்கள். பூ விற்கும் பெண் ஒருத்தி வாயால் தண்ணீரை ஊதிப் பூக்களின் மேல் தெளிப்பதைப் பார்த்துத்தான் அந்த ஹங்கேரிக்காரர்களுக்கு யோசனை தோன்றியது என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, பீச்சுவது எப்படி என்று நீங்களே செய்து பார்க்கலாம். தண்ணீரில் மட்டும்! பெட்ரோல் பக்கம் போகவே கூடாது. அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும், எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப்போய்ப் பிடிக்கும்.

ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இளநீர்க் கடை ஸ்ட்ரா இரண்டு வேண்டும். ஒன்றைச் சின்னதாக வெட்டித் தண்ணீரில் நிறுத்திப் பிடியுங்கள், மேல்நுனி தண்ணீருக்குச் சற்று மேலே இருக்கட்டும். இன்னொன்றைப் படுக்கைவாட்டில் வைத்து, நிற்கும் ஸ்ட்ராவின் வாயை உரசும்படி பலமாக ஊதுங்கள். தண்ணீர் தானாக ஏறி, எதிரே இருப்பவர் முகத்தில் தூவும். எதிரே தம்பியை உட்கார வைப்பது உங்கள் இஷ்டம்.

யார் தண்ணீரைத் தூக்கினார்கள்? நீங்கள் உறிஞ்சவில்லை, ஊதினீர்கள். வேகமாக ஓடும் காற்று, நிற்கும் ஸ்ட்ராவின் வாயில் அழுத்தத்தைக் குறைத்துவிட்டது. டம்ளரில் இருக்கும் தண்ணீரை மேலிருந்து சாதாரணக் காற்று எப்போதும்போல அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் அமுக்கல், மறுபக்கம் இளக்கம். தண்ணீர் இளக்கமான பக்கம் ஓடியது.

இதே விஷயத்தை நம் மாவட்டத்துக்காரர்கள் வேறு விதமாக அனுபவித்திருக்கிறோம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூர்ப் பக்கம் தானே புயல் கரையேறியபோது தகரக் கூரைகள் என்ன ஆயின என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். புயல் அடித்தால் கூரை உள்ளே அமுங்கவேண்டும் என்றுதானே நினைப்போம்? மேலே பிய்த்துக்கொண்டு அல்லவா பறக்கிறது! கூரைக்கு மேல் பாய்ந்தோடும் காற்றின் அழுத்தம் குறைந்துபோகிறது. வீட்டுக்குள் இருக்கும் அசையாத காற்று கூரையைக் கீழிருந்து தள்ளிவிடுகிறது.

ஓடும் திரவங்களின் இந்தக் குணத்தை டேனியல் பெர்னூலி 1738இல் புத்தகமாக எழுதினார். குழாயின் நடுவில் இடுப்பைப்போலக் குறுக்கினால் அந்த இடத்தில் வேகம் கூடி அழுத்தம் குறையும் என்பதை 1797இல் எழுதியவர் இத்தாலிய அறிஞர் வெஞ்சூரி. மெக்கானிக் அண்ணனின் செய்தித்தாளில் கிடந்த கார்ப்பரேட்டருக்கும் அப்படி ஓர் இடுப்பு இருந்தது. வெஞ்சூரி என்றே அதற்குப் பெயர்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாமா? மேற்கு வங்கத்தில் உத்தரபாராவில் 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை செய்யப்பட்ட கார் அம்பாசிடர். பழைய பெட்ரோல் அம்பாசிடரின் இன்ஜின் 1,489 சி.சி., அதாவது சுமார் ஒன்றரை லிட்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அது ஒன்றரை லிட்டரை உறிஞ்சும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து நிமிஷத்துக்கு 2,000 சுற்றில் மேடு ஏறுகிறது என்று வையுங்கள். நிமிஷத்துக்கு 1,500 லிட்டர் காற்று! மாடியில் வைக்கும் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி மூன்று. அவ்வளவும் இரண்டரை சென்டிமீட்டர் துளை வழியாகப் போகவேண்டுமானால் காற்றின் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொடும். தானே புயலைவிட வேகம்! இத்தனை வேகத்தில் குறையும் அழுத்தம் தண்ணீரை முக்கால் சாண் உயரத்துக்கு இழுத்துவிடும். பெட்ரோலோ, துளைக்குச் சில மில்லிமீட்டர் கீழேயே தயாராக நிற்கிறது. பாய்ந்து வந்து, புயலில் சிக்கிப் பொடிப்பொடியாகிவிடும்.

அதை அப்படித் தயாராக நிறுத்தி வைப்பது யார்? "உங்க ஊர் தண்ணித் தொட்டியில பந்து மிதக்குதே பாத்திருக்கியா?" என்றார் மெக்கானிக் அண்ணன். தொட்டி நிறைந்ததும் பந்து மேலே வந்து குழாயை அடைக்கும், குறைந்ததும் திறக்கும். கார்ப்பரேட்டரின் பக்கத்தில் ஒரு குட்டித் தொட்டி, அதில் ஒரு ஃப்ளோட், அது தள்ளும் ஊசி. ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்து பெட்ரோல் உள்ளே புகுந்துவிட்டால் அது முழுகிவிடும், ஊசி மூடாது, பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். அவர் ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். களக் களக் என்ற சத்தம் வந்தால் தொலைந்தது. வரவில்லை.

அடுத்து ஜெட். பித்தளையில் செய்த, மிளகைவிடச் சற்றுப் பெரிய திருகாணி, நடுவில் ஊசித்துளை. பெட்ரோலின் அளவைத் தீர்மானிப்பது அந்தத் துளைதான். நம் ஊர் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தேனபிஷேகம் பார்த்திருப்பீர்கள். லிங்கத்தில் அம்மன் உருவம் தெரிகிறது என்று கூட்டம் எட்டிப்பார்க்கும்போது, நான் தேன் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பெட்ரோல் தண்ணீரைவிட வேகமாக ஓடும். ஆனால் வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால், லேசான பகுதியெல்லாம் ஆவியாகி, மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகிவிடும். அபிஷேகம் முடிந்து காய்ந்த தேன் மாதிரி பழுப்பு நிறம், அதே பிசுபிசுப்பு. ஜெட்டின் துளையில் அது படிந்தால் வண்டி பட்டினி.

நான் உதவி செய்வதாக நினைத்து, ஒரு கம்பியை எடுத்துத் துளையில் விடப்போனேன். என் கையில் சுளீர் என்று ஓர் அடி. பெர்த்தா பென்ஸ் குத்தியது குழாயை, ஜெட்டை இல்லை! சோலெக்ஸ் வகைக் கார்ப்பரேட்டரின் ஜெட்டில் 115 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 1.15 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 120 என்றால் 1.20. வித்தியாசம் மெல்லிய தலைமுடி அளவு. ஆனால் துளையின் பரப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடியிருக்கும். பித்தளை மெத்தென்ற உலோகம், இரும்புக் கம்பி உரசினால் சுரண்டிவிடும். அதனால் ஊறவைத்து, காற்றடித்து மட்டும்தான் சுத்தம் செய்வார்கள். அண்ணனிடம் கம்ப்ரஸர் இல்லை. சைக்கிள் பம்பை வைத்து அடித்தார். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வட்டமாக ஒரு குட்டிச் சூரியன் தெரிந்தது.

பிறகு அவர் செய்த ஒரு காரியம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, அதன்மேல் எமரித்தாளை விரித்து, கார்ப்பரேட்டரின் அடிப்பாகத்தை எட்டுப்போடுவது போலத் தேய்த்தார். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து அடிப்பாகம் லேசாக வளைந்திருக்கும். அந்த இடுக்கு வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்விடும். இடுப்பு வழியாக வராத காற்றுக்கு யார் பெட்ரோல் தருவது? கணக்கு கெட்டுவிடும். கண்ணாடியைவிடச் சமமான பரப்பு பட்டறையில் எங்கே கிடைக்கும்!

பூட்டியதும் டியூனிங். அதற்கு முன் தீப்பொறிக்கான பிளக்கையும் பாயிண்டையும் பார்த்தே ஆகவேண்டும் என்பது அவர் சட்டம். கார்ப்பரேட்டர் கோளாறு என்று வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு நோய் அங்கேதான் இருக்கும், பழி மட்டும் கார்ப்பரேட்டருக்கு. பிளக்கின் முனையே ஒரு நாடி. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் கூடுதல். சாம்பல் மாதிரி வெளுத்திருந்தால் காற்று கூடுதல். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கணக்கு சரி.

இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டார். இரண்டு திருகாணிகள். ஒன்று, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபிறகும் இன்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓடவேண்டும் என்பதற்கு. இன்னொன்று, அந்த மெதுவான ஓட்டத்துக்கான கலவைக்கு. கலவைத் திருகாணியை அவர் முன்கூட்டியே, இன்ஜினை நிறுத்தி வைத்து, மெல்ல உள்ளே முடுக்கி, உட்கார்ந்ததும் விட்டுவிட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்திருந்தார். அழுத்தி முடுக்கினால் அதன் கூர்முனை மழுங்கிப் போகுமாம். இப்போது கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினார். உள்ளே போகப்போக இன்ஜின் தடுமாறியது. வெளியே வரவர, பன்றி உறுமுவது போலக் கனத்த சத்தம். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் சத்தம் சட்டென்று தெளிந்து வேகம் கூடியது. அங்கே விட்டார். வேகம் அதிகமாகத் தெரிந்ததால் முதல் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினார். மறுபடியும் கலவை, மறுபடியும் வேகம். எந்தக் கருவியும் இல்லை, காது மட்டும்தான். பக்கத்தில் ஒரு கறவை மாடு கத்தியபோது வேலையை நிறுத்திக் காத்திருந்தார்!

(பெரியவனாகி பழைய புல்லட் வாங்கியபோது, இந்தப் பாடத்தை அப்படியே அதில் செய்யப்போய் அவமானப்பட்டேன். அம்பாசிடரின் திருகாணி கலவையைக் கட்டுப்படுத்துகிறது, முடுக்கினால் பெட்ரோல் குறையும். புல்லட்டில் இருந்தது காற்றுத் திருகாணி, முடுக்கினால் காற்றுதான் குறையும். எல்லாமே தலைகீழ்.)

இத்தனை பாடுபட்டு டியூன் செய்த வண்டி, மலையில் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது? கார்ப்பரேட்டருக்குக் கண் இல்லை. தன் இடுப்பில் எவ்வளவு காற்று எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கல்வராயன் மலையின் ஊர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கின்றன. மேலே போகப்போகக் காற்று அடர்த்தி குறையும். வெள்ளிமலைப் பக்கம் ஒரு லிட்டர் காற்றின் எடை ரிஷிவந்தியத்தைவிட நூற்றுக்கு ஏழு பங்குபோலக் குறைவு. லேசான காற்று இழுக்கும் பெட்ரோலும் குறையும்தான். ஆனால் பாதி அளவுக்குத்தான், மூன்றரை பங்கு. மீதி மூன்றரை பங்கு பெட்ரோல் கூடுதலாக நிற்கும். கல்வராயனில் இது சின்னக் கோபம். 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் இதே கணக்கு நூற்றுக்குப் பத்தாகிவிடும். அங்கேயே ஓடும் வண்டிக்கு ஒரு அளவு சின்ன ஜெட் மாட்டினால்தான் சரிப்படும்.

சரி, வண்டி நின்றதற்குக் காரணம் அதுவா? இல்லை. ஈரத்துணி போட்ட சாமான் கார்ப்பரேட்டரே இல்லை, தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்து அதற்கு அனுப்பும் பம்ப். இன்ஜினின் உடம்பிலேயே பூட்டியிருப்பதால் இன்ஜினோடு சேர்ந்து அதுவும் சுடும். சித்திரை வெயில், மெதுவான ஏற்றம், முகத்தில் அடிக்கக் காற்றும் இல்லை. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கும். பம்புக்குள் திரவத்துக்குப் பதில் ஆவிக்குமிழ்கள். பம்ப் அமுக்கும்போது ஆவி சுருங்கும், விடும்போது விரியும். ஒரு சொட்டும் நகராது. ஊதிய பலூனை அமுக்கி அமுக்கி விளையாடுவது போலத்தான். டிரைவர்கள் இதை 'ஏர் லாக்' என்பார்கள், உண்மையில் அது பெட்ரோல் ஆவியின் பூட்டு.

ஈரத்துணியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. உங்கள் வீட்டு மண்பானை தண்ணீரைக் குளிரவைப்பதும் இதே வழியில்தான். குமிழ்கள் குளிர்ந்து மறுபடி பெட்ரோலாயின. வண்டி கிளம்பியது.

கார்ப்பரேட்டரின் கண்ணில்லாக் குணத்துக்கு இப்போது இன்னொரு சோதனை வந்திருக்கிறது. மூங்கில்துறைப்பட்டுக்கும் கச்சிராயபாளையத்துக்கும் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களைப் பார்க்கிறீர்களே, அந்தக் கரும்பில் சர்க்கரை எடுத்தபின் ஒரு கறுத்த பாகு மிஞ்சும். அதைப் புளிக்கவைத்து எத்தனால் எடுக்கலாம். இந்தியாவில் பெட்ரோலோடு கலக்கும் எத்தனால் 2022இல் நூற்றுக்குப் பத்தாக இருந்து, 2025இல் இருபதாகிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும், ஒரு கிராமுக்கு 9 கிராம்தான். பழைய அம்பாசிடருக்கு இது எப்படித் தெரியும்? பழைய கணக்கிலேயே காற்றைக் கொடுக்கும், காற்று கூடிப்போகும். மலை ஒரு பக்கம் இழுக்கிறது, கரும்பு மறுபக்கம் இழுக்கிறது! போதாததற்கு எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர் சாமான்களையும் உப்பவைக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் ரப்பர்களை மாற்றி, ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பார்க்கிறார்கள்.

புதுக் கார்களில் புகைக்குழாயில் ஒரு சென்சார் உட்கார்ந்து, எரிந்த காற்றில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அது பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. மலை, கரும்பு, சித்திரை எல்லாம் அதற்குத் தெரியும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்ததும் பெரும்பாலான புது மோட்டார் சைக்கிள்களிலிருந்தும் கார்ப்பரேட்டர் விடைபெற்றது.

ஆனால் உங்கள் ஊர் வயல்களை விட்டு அது போகவில்லை. முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பெட்ரோல் பவர் ஸ்ப்ரேயரில் ஒரு குட்டிக் கார்ப்பரேட்டர் இருக்கிறது. மருந்து வாடை எட்டாத தூரத்தில் நின்று பாருங்கள். காலையில் முதல்முறை கயிற்றை இழுக்குமுன் ஒரு சின்ன லீவரைத் தள்ளிக் காற்று வரும் வழியை அடைப்பார்கள். 'சோக் போடுவது' என்பார்கள். இன்ஜின் சூடானதும் திறந்துவிடுவார்கள். 14.7 பங்கு காற்று வேண்டும் என்கிற இன்ஜினுக்கு, கிளம்பும்போது மட்டும் ஏன் காற்றை மறிக்கிறார்கள்? விடிகாலைக் குளிரில் பெட்ரோல் எவ்வளவு ஆவியாகும் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள்.